வேற என்ன இருக்குன்னு கேட்ட ராஜா

படுத்தாச்சா? காலைத் தூக்கி என் மேல போடாத. காலையில இருந்து கூழு வண்டிய உருட்டுன இடுப்பு இது, உன் காலையும் சேத்துத் தாங்காது. தண்ணி குடிச்சாச்சு, ஒண்ணுக்குப் போயாச்சு, இனி எதுக்கும் எந்திரிக்கக் கூடாது. உங்கம்மா ஆசுபத்திரியில இருந்து தம்பிப் பாப்பாவைத் தூக்கிட்டு வர இன்னும் மூணு நாளு ஆகும். அதுவரைக்கும் இந்தப் பெரியம்மாதான் உனக்கு. நானும் உன்கிட்ட நல்லா மாட்டிக்கிட்டேன்.

எனக்கு நாலு மணிக்கு எந்திரிச்சு கூழு காய்ச்சணும் செவ்வந்தி. கதை ஒண்ணே ஒண்ணுதான். ம் கொட்டணும். ம் சத்தம் வரலைன்னா நீ தூங்கிட்டேன்னு நானும் திரும்பிப் படுத்துருவேன்.

— ம்.

ஒரு ஊர்ல ஒரு முரசு இருந்துச்சு. ராஜாவா? வருவாரு, பொறு. எல்லாக் கதையிலயும் அவரையே முதல்ல கொண்டாந்து உக்கார வைக்கணுமா? இந்தக் கதைக்கு முதல்ல முரசு. ஊரு பேரு ஆவாரங்கோட்டை. அரண்மனைச் சுவரு ஓரமா ஒரு வேப்பமரம், அதுக்கு அடியில அந்த முரசு. உன்னைய உள்ள உக்கார வச்சு மூடிறலாம், அம்புட்டுப் பெருசு. மூட மாட்டேன், ஒதுங்காம படு.

அந்த ஊர்ல ஒரு வழக்கம். காலையில ராஜா சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் ஊர்ல ஒருத்தரும் வாயில ஒரு பருக்கை வைக்கக் கூடாது. ராஜா வயிறு நிறைஞ்சா ஊருக்கும் சோத்துக்குப் பஞ்சம் இல்லைன்னு அர்த்தமாம். யாரு வச்ச வழக்கமோ, வச்சவனுக்குப் பசின்னா என்னன்னே தெரியாதுன்னு நினைக்கிறேன்.

ராஜா சாப்பிட்டது ஊருக்கு எப்பிடித் தெரியும்? கேளு. அரண்மனை மாடியில ராஜா சாப்பிடுற அறை. அறை மூலையில கை கழுவ ஒரு கல்தொட்டி. தொட்டித் தண்ணி வெளிய விழறதுக்குச் சுவத்துல ஒரு தூம்பு இருக்கும், கல்லுல செஞ்ச குழாய்னு வச்சுக்க. ராஜா கையைக் கழுவுனா தண்ணி அந்தத் தூம்பு வழியா சொளசொளன்னு கீழ விழும். கீழ முரசுகிட்ட நிக்கிறவ அதைப் பாத்ததும் கம்பை எடுத்து தொம், தொம், தொம். மூணே அடி. ஊரு பூரா வட்டிலைப் போட்டு உக்காந்துரும்.

— ம்.

அப்போ இருந்த பெரிய ராஜா நல்ல மனுஷன். கோழி கூவுனா எந்திரிச்சுருவாரு. குளிச்சு, சாமி கும்பிட்டு, சம்மணம் போட்டு உக்காருவாரு. ஒரு கும்பா கம்பங்கூழு, மோரு ஊத்திக் கரைச்சது. தொட்டுக்க நாலு சின்ன வெங்காயம், ஒரு மோர் மிளகா. சர்ருன்னு குடிப்பாரு, வெங்காயத்தைக் கறுக்குன்னு கடிப்பாரு, எந்திரிச்சுக் கையைக் கழுவுவாரு. சொளசொள, தொம் தொம் தொம். சூரியன் அப்பத்தான் பனைமர உயரத்துக்கு வந்திருக்கும். ஊரு சாப்பிட்டு, ஏரு பூட்டி, கடையத் திறந்து, அவங்கவங்க சோலிய அவங்கவங்க பாப்பாங்க.

நாப்பது வருஷம் இப்பிடியே. ஒரு நாளு கூட அந்த மனுஷன் இன்னிக்கு என்னன்னு கேட்டதில்ல. உக்காந்தாரு, ரசிச்சுக் குடிச்சாரு, எந்திரிச்சாரு. கடைசி மடக்கு குடிச்சதும் 'ஆ'ன்னு ஒரு சத்தம் விடுவாராம், அது படிக்கட்டு வரைக்கும் கேக்குமாம். என் வண்டிக்கு அப்பிடி ஒரு ஆளு வந்தா நான் காசே கேக்க மாட்டேன்.

அப்புறம் ஒரு நாள் பெரிய ராஜா சாமிகிட்டப் போயிட்டாரு. அவரு மகன் பட்டத்துக்கு வந்தான். பேரு மகுடபூபதி. பேரு மட்டும் ஊரளவு. முதல் நாள் காலையில சமையக்காரரு சோலையப்பன் கும்பாவைக் கொண்டாந்து முன்னால வச்சாரு. இவன் உள்ள எட்டிப் பாத்தான், மூக்கைச் சுளிச்சான். என்ன கேட்டான் தெரியுமா?

"வேற என்ன இருக்கு?"

எனக்கு இந்தக் கேள்வியைக் கேட்டாலே பத்திக்கிட்டு வருது. என் வண்டியில பெரிய எழுத்துல எழுதியிருக்கு, கம்பங்கூழு, கேப்பைக்கூழுன்னு. ஒருத்தன் நேரா வந்து நிக்கிறான், கையில போனை வச்சு நோண்டிக்கிட்டே, வேற என்னக்கா இருக்குங்குறான். வேற என்னடா இருக்கும் கூழு வண்டியில? நான் இருக்கேன், சக்கரம் இருக்கு. ரெண்டு நிமிஷம் யோசிச்சுட்டு கடைசியில கம்பங்கூழே குடுங்கங்குறான். அந்த ரெண்டு நிமிஷத்துல பின்னால பத்து பேரு நிக்கிறாங்க.

— ராஜாவை அவன் இவன்னு சொல்லலாமா பெரியம்மா?

ஊரைப் பட்டினி போடுறவனை வேற எப்பிடிச் சொல்லுறது? நீ ம் மட்டும் கொட்டு.

— ம்.

இப்போ முரசு அடிக்கிறவளைச் சொல்லுறேன். அவ பேரு ஆவுடை. முரசு அடிக்கிறது அவ குடும்பத்து வேலை. புருஷன் உப்பு ஏத்தப் போன வண்டிகளோட கடற்கரைப் பக்கம் போயிட்டான், வர மாசமாகும். கையில ஒரு பச்சப் புள்ள, பொட்டப் புள்ள, பொறந்து நாப்பது நாளு. வேப்பமரக் கிளையில தூளியைக் கட்டி, புள்ளயை அதுல போட்டு, பக்கத்துக் கிளையில தன்னோட கூழுக் கலயத்தைத் தொங்க விட்டுட்டு, விடியுறதுக்குள்ள வந்து நின்னுருவா. தூம்புல தண்ணி விழுந்ததும் முரசை அடிப்பா, கலயத்தை இறக்கிக் குடிப்பா, புள்ளைக்குப் பால் குடுப்பா. பெரிய ராஜா இருந்த வரைக்கும் எல்லாம் சூரியன் சூடேறுறதுக்குள்ள முடிஞ்சுரும்.

சின்ன ராஜா வந்தான், கெட்டுச்சு.

முதல் நாளு, வேற என்ன இருக்குன்னு கேட்டான்ல? சோலையப்பன் கும்பிட்டுச் சொன்னாரு, "காலையில இதுதான் ராஜா. ஐயா தினமும் இதைத்தான் குடிச்சாங்க."

"அவரு குடிச்சாரு. எனக்கு இட்லி வேணும்."

"மாவு அரைச்சுப் புளிக்க வைக்கணும் ராஜா. நாளைக்குச் செஞ்சு தாரேன்."

"எனக்கு இன்னிக்கு வேணும்."

சோலையப்பன் ஓடுனாரு. தெருத் தெருவா புளிச்ச மாவு தேடி ஓடுனாரு. நாலாவது தெருவுல ஒரு வீட்டுல கிடைச்சுச்சு. வந்து அடுப்பை ஊதி, ஊதி, புஸ்ஸு புஸ்ஸுன்னு ஆவி வர வச்சு, பூ மாதிரி எட்டு இட்லிய எடுத்துட்டுப் போனாரு. ராஜா ஒண்ணைத் தொட்டுப் பாத்தான். "எல்லாம் ஒரே மாதிரி வெள்ளையா இருக்கே. வேற?" வேறயாம். அப்புறம் பொங்கலு. அது குழைஞ்சு போச்சாம். அப்புறம் திரும்பவும் அதே இட்லியக் கொண்டாரச் சொல்லி மூணு தின்னான். கையைக் கழுவுனான். தூம்புல தண்ணி விழுந்தப்போ வெயிலு சுள்ளுன்னு அடிக்குது. ஆவுடை முரசை அடிச்சா. ஊரு அவசர அவசரமா தின்னுச்சு. ஏரு பூட்டப் பாதிப் பேரு போகல, இனிமே போய் என்ன பண்ணன்னு.

— ம்.

ரெண்டாவது நாளு ராஜா சொன்னான், "ஒண்ணொண்ணாக் கொண்டாந்தா எனக்குப் பிடிக்கல. எல்லாத்தையும் ஒண்ணா வை. நானே பாத்து எடுத்துக்கிறேன்." சோலையப்பன் ராவெல்லாம் முழிச்சு ஏழு பண்டம் செஞ்சாரு. இட்லி, பொங்கலு, ஆப்பம், இடியாப்பம், பணியாரம், அடை, புட்டு. வாசனை கீழ முரசு வரைக்கும் வருது. ஆவுடை எச்சியை முழுங்குனா. மேல ராஜா ஆப்பத்துக்குக் கையை நீட்டுறான், கண்ணு பணியாரத்துல. பணியாரத்தைத் தொடுறான், புட்டு கூப்பிடுது. இதுவா அதுவா, அதுவா இதுவான்னு உக்காந்துக்கிட்டே இருக்கான். ஏழும் ஆறிப் போச்சு. "ஆறிப்போனதை எவன் தின்பான், சூடு பண்ணிக் கொண்டா"ன்னான். ஏழையும் திரும்பச் சூடு பண்ணுனாரு சோலையப்பன். உச்சி வெயிலு தலைக்கு மேல வந்தப்பத்தான் தூம்புல தண்ணி விழுந்துச்சு.

அந்த நாளு ஊரு என்ன பாடு பட்டுச்சு தெரியுமா? கோயில் குருக்கள் பாதி மந்திரம் சொல்லிட்டு மிச்சம் மறந்து, முதல்ல இருந்து ஆரம்பிச்சாரு, திரும்பவும் பாதியில மறந்துட்டாரு. உழவுக்காரன் மாட்டுக்குப் புல்லைப் போட்டுட்டு, அது தின்னுறதையே பொறாமையாப் பாத்துக்கிட்டு நின்னான். மாட்டுக்குச் சட்டம் இல்லையே.

— அவங்க ஒளிஞ்சு சாப்பிடலாம்ல?

சாப்பிட்டாங்க. நீ கேக்குறது நியாயம்தான். கதவைச் சாத்திக்கிட்டு பொரிகடலையை மென்னாங்க, வெல்லத்தைக் கடிச்சாங்க. ஊருல எல்லாரும் ஏதாவது வழி பண்ணிக்கிட்டாங்க. ஆவுடைக்குத்தான் வழியே இல்ல. முரசடியில எதுத்தாப்புல வாசல் காவக்காரன் நிக்கிறான், அவ வாயையே பாத்துக்கிட்டு. வீட்டுக்குப் போயிட்டு வரலாம்னா, அந்த நேரம் பாத்து தூம்புல தண்ணி விழுந்துட்டா? இவ அடிக்கலைன்னா மறுநாள் வரைக்கும் ஊரே பட்டினி. அதனால விடிஞ்சதுல இருந்து தலையை அண்ணாந்து தூம்பையே பாத்துக்கிட்டு நிக்கணும். பக்கத்துலயே கலயம் தொங்குது. தொடக் கூடாது.

வெறும் வயித்துல நின்னா தாய்க்குப் பால் ஊறுமா? முதல் நாளு குறைஞ்சுச்சு. ரெண்டாவது நாளு புள்ள சப்பிச் சப்பிப் பாத்துட்டு வீல் வீல்னு கத்துச்சு. ஆவுடை அதைத் தோள்ல போட்டுத் தட்டிக்கிட்டே தூம்பைப் பாத்தா. தண்ணி வருமா வருமான்னு. அவளுக்கு ராஜா மேல கோவம் கூட வரல அப்போ. பயம்தான் வந்துச்சு.

— தம்பிப் பாப்பாவுக்கும் பால் இல்லாமப் போயிருமா?

அடிப் போடி. உங்கம்மாவுக்கு ஆறரை மணிக்கே தூக்குல கூழு கொண்டுபோய்க் குடுத்து, அவ குடிச்சு முடிக்கிறதைக் கண்ணால பாத்துட்டுத்தான் நான் வண்டிய எடுக்குறேன். எனக்கு வேணாங்கா, பெறகு குடிக்கிறேங்காங்குறா. பெறகாவது கிறகாவது. உன் தம்பி குண்டா இருக்கான், நீ கண்ண மூடு. எதுல விட்டேன்? ஆங், மூணாவது நாளு.

மூணாவது நாளு ராஜாவுக்கு இட்லியும் வேணாம், ஏழும் வேணாம். சின்ன வயசுல மாமா ஊர்ல ஒரு தினை மாவு தின்னானாம், மலைத்தேன் ஊத்திப் பிசைஞ்சது. அதுதான் வேணுமாம். மலைக்குக் குதிரைய விட்டாங்க. டக்கு டக்கு டக்குன்னு போகுது குதிரை. போயி, தினையை வாங்கி, தேனை வாங்கி, டக்கு டக்கு டக்குன்னு திரும்பி வருது. வர்றப்போ சூரியன் மேக்க இறங்கிருச்சு. சோலையப்பன் இடிச்சுப் பிசைஞ்சு கொண்டாந்து வச்சாரு. ராஜா ரெண்டு வாய் தின்னான்.

"அன்னிக்கு மாதிரி இல்ல"ன்னு தள்ளி வச்சுட்டுக் கையைக் கழுவுனான். பொழுது சாயுறப்பத்தான் முரசு அடிச்சுச்சு.

அந்த மனுஷன் சோலையப்பன் அடுப்படிக்குப் போய் கரண்டியை வீசி எறிஞ்சாராம். நானா இருந்தா கரண்டிய அங்கயே மேல வச்சு எறிஞ்சிருப்பேன்.

— ம்.

முழிச்சுத்தான் இருக்கியா? சரி. நாலாவது நாளு விடிஞ்சுச்சு. ஆவுடை தூளியைக் கட்டுனா. கலயத்தைத் தொங்க விட்டா. நின்னா. புள்ள அழுகுதான்னு பாத்தா, அழுகல. அதுதான் அவளுக்குத் திக்குன்னு ஆயிருச்சு. முந்தின நாளு வரைக்கும் கத்துன புள்ள இன்னிக்குக் கத்தல. எடுத்து மார்ல வச்சா, உதட்டை அசைக்குது, அப்பிடியே விட்டுருது. கன்னம் ஒட்டிப் போச்சு. கத்துறதுக்குத் தெம்பு இல்ல புள்ளைக்கு.

மேல என்ன நடக்குது? சோலையப்பனுக்கு என்ன செய்யறதுன்னே தெரியல. கடைசியில பழைய கும்பாவுல பழைய மாதிரி கம்பங்கூழையே கொண்டுபோய் வச்சாரு. ராஜா பாத்தான். அவனுக்கும் பசிதான், முந்தின நாளு ரெண்டே வாய்தானே தின்னான். பசி, அதோட கோவம். "திரும்பவும் இதுவா?"ன்னு மூஞ்சியத் திருப்பிக்கிட்டான். "வேற ஏதாவது செஞ்சு கொண்டா, போ"ன்னான். சோலையப்பன் தலையில கையை வச்சுக்கிட்டு அடுப்படிக்கு இறங்கிப் போயிட்டாரு. அவரு போனதும் ராஜா கும்பாவைத் தூக்கிக் கொண்டுபோயி கை கழுவுற தொட்டியில கொட்டிட்டான்.

கீழ ஆவுடை தூம்பைப் பாத்துக்கிட்டு நிக்கிறா. பொளக். பொளக் பொளக். என்னமோ விழுது. கண்ணைக் கசக்கிப் பாத்தா. தண்ணி இல்ல. கெட்டியா, வெள்ளையும் பச்சையுமா, வழுக்கி வழுக்கி விழுது. கூழு. காவக்காரனுக்கு அங்க இருந்து பாத்தா ஏதோ விழுதுன்னுதான் தெரியும். இவளுக்குத் தெரியும், ராஜா சாப்பிடல, கொட்டிட்டான்னு. இனி திரும்ப அடுப்பு மூட்டி, திரும்பச் சமைச்சு, அவன் திரும்ப வேறன்னு கேட்டு, சாயங்காலம் ஆயிரும். சாயங்காலம் வரைக்கும் இந்தப் புள்ள இருக்குமா?

பொய் முரசு அடிச்சா என்ன தண்டனைன்னும் அவளுக்குத் தெரியும். புள்ள குட்டியோட கோட்டை வாசலுக்கு வெளிய தள்ளிக் கதவைச் சாத்திருவாங்க. அப்புறம் புருஷன் திரும்பி வந்தா எங்க தேடுவான்?

அவ புள்ளையப் பாத்தா. கம்பை எடுத்தா.

தொம். தொம். தொம்.

— ம்.

ஊரே ஆன்னு வாயைப் பொளந்துச்சு. இம்புட்டுச் சீக்கிரமாவான்னு. அப்புறம் யோசிக்கல, வட்டிலை எடுத்துப் போட்டாங்க. ஆவுடை கலயத்தை இறக்குனா. கூழை மடக்கு மடக்குன்னு பாதி குடிச்சா. அப்பிடியே மரத்துல சாஞ்சு உக்காந்து, புள்ளையை மடியில போட்டுக்கிட்டு, பால் ஊறட்டும் ஊறட்டும்னு காத்துக்கிட்டு இருந்தா.

இப்போ அரண்மனையில நடந்ததுதான் வேடிக்கை. அங்க ஒரு முறை உண்டு. முரசுச் சத்தம் கேட்டா சமையக்கட்டு அடுப்பை அணைச்சுரணும். அப்புறம் மத்தியானச் சமையலுக்குத்தான் மூட்டணும். சோலையப்பன் அப்பத்தான் அடையோ என்னமோ ஊத்த அடுப்பை ஊதிக்கிட்டு இருந்தாரு. தொம் தொம் தொம். நிமிந்தாரு. "சாப்பிட்டாச்சா? எதைச் சாப்பிட்டாரு?"ன்னு அவருக்கே ஒண்ணும் புரியல. மேல போய்க் கதவோரமா கும்பாவை எட்டிப் பாத்தாரு, வழிச்சு வச்ச மாதிரி காலி. அடேயப்பா, கூழையே குடிச்சுட்டாருன்னு நினைச்சு, அடுப்புல தண்ணிய ஊத்துனாரு. உஸ்ஸ்ஸுன்னு அடங்கிருச்சு. மூணு நாளு கழிச்சு நேரத்துக்கு உக்காந்து சாப்பிட்டாரு பாவம்.

மேல ராஜா கையைத் தட்டுறான். ஒருத்தரும் வரல. திரும்பத் தட்டுறான். சோலையப்பன் எச்சிக் கையோட ஓடி வந்தாரு.

"எங்க அடுத்தது?"

"அடுத்ததா? முரசு அடிச்சாச்சே ராஜா. நீங்க சாப்பிட்டாச்சே."

"நான் எங்கய்யா சாப்பிட்டேன்?"

"கும்பா காலியா இருக்கே."

"அது நான் கொட்டுனது."

சோலையப்பன் அவனை மேலயும் கீழயும் பாத்தாரு. "கூழு குடிச்சேன்னு சொல்ல வெக்கப்படுறீங்க ராஜா. இதுல என்ன இருக்கு, ஐயா தினமும் குடிச்சாங்க"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. அடுப்பு அணைஞ்சு போச்சு, முறைன்னா முறைதான். அவங்க அப்பா காலத்து முறை, இவனால மாத்தவும் முடியல, பசியோட யோசிக்கவும் முடியல.

அப்போ ராஜாவுக்கு வயிறு கடமுடன்னு சத்தம் போட்டுச்சு. பொறந்ததுல இருந்து அந்தச் சத்தத்தை அவன் கேட்டதே இல்ல. பயந்து போயி வயித்தைப் பிடிச்சுக்கிட்டான். அப்புறம் என்ன பண்ணான், கிரீடத்தைக் கழட்டி வச்சுட்டு, துண்டைப் போத்திக்கிட்டு, பின் வாசல் வழியா ஊருக்குள்ள இறங்குனான்.

முதல் வீடு ஒரு நெசவுக்காரன் வீடு. கதவைத் தட்டுனான். நெசவுக்காரன் அடையாளம் கண்டு கும்பிட்டான். "சாப்பாடு ஏதும் இருக்கா?"ன்னு ராஜா கேட்டான். "விளையாடுறீங்களா ராஜா? நீங்க சாப்பிட்டதாலதானே நாங்களே சாப்பிட்டோம். இந்தா, சட்டிய வழிச்சுக் கழுவிக் கவுத்தாச்சு"ன்னு கவுத்த சட்டியக் காட்டுனான்.

ரெண்டாவது வீடு ஒரு செக்குக்காரம்மா வீடு. அந்தம்மா கும்பிட்டுட்டு, "ராஜா இன்னிக்கு நேரத்தோட சாப்பிட்டீங்க, புண்ணியமாப் போகும். தினமும் இப்பிடியே சாப்பிடுங்க"ன்னு உள்ள போயிருச்சு. இவன் வாயைத் திறக்கவே விடல.

மூணாவது வீட்டுல உன்னைய மாதிரி ஒரு வாயாடி வாசப்படியில நின்னுக்கிட்டு இருந்தா. "பாப்பா, வீட்டுல சோறு இருக்கா?" "இல்லையே, தீந்துருச்சு. ராஜா சாப்பிட்டாராம், அதான் நாங்க எல்லாத்தையும் தின்னுட்டோம். நீங்க யாரு, நீங்க ஏன் சாப்பிடல? எங்கம்மா சொல்லும், காலையில சாப்பிடாம வெளிய போகக் கூடாது." ராஜா துண்டை இழுத்துப் போத்திக்கிட்டு நடந்துட்டான். நடக்க நடக்க அவனுக்கு இப்பத்தான் உறைச்சுச்சு. தண்ணி விழாம முரசு எப்பிடி அடிச்சுச்சு? எவ அடிச்சா?

சுர்ருன்னு கோவம் ஏறி நேரா வேப்பமரத்துக்கு வந்தான். ஆவுடை உக்காந்திருக்கா. மடியில புள்ள. முந்தானைக்குள்ள இருந்து சத்தம் வருது. ச்சப், ச்சப், ச்சப். பால் ஊறிருச்சு.

— ம்.

"நீதானே முரசு அடிச்ச?"

"ஆமா ராஜா."

"தூம்புல தண்ணி விழுந்துச்சா?"

"இல்ல. கூழு விழுந்துச்சு. நீங்க கொட்டுனதுன்னு தெரியும். தெரிஞ்சுதான் அடிச்சேன்."

அவ தப்பிக்கப் பொய் சொல்லுவான்னு நினைச்சு வந்தவன் அடுத்த கேள்விக்குத் தாவுனான். "பொய் முரசுக்குத் தண்டனை என்னன்னு தெரியுமா?"

"தெரியும். குடுங்க, வாங்கிக்கிறேன். ஆனா புள்ள இப்பத்தான் குடிக்க ஆரம்பிச்சிருக்கு. மூணு நாளா அதுக்கு வயித்துக்கு இல்ல. குடிச்சு முடிக்கட்டும், அதுவரைக்கும் கொஞ்சம் இருங்க."

இருங்கன்னா இருங்கதான். அவ அவனைப் பாக்கக் கூட இல்ல, குனிஞ்சு புள்ளையையே பாத்துக்கிட்டு இருக்கா. ராஜா நின்னான். கொஞ்ச நேரம் நின்னான். கால் வலிச்சுச்சு, வேர் மேல உக்காந்தான். ச்சப், ச்சப், ச்சப். அவன் வயிறு கடமுட, கடமுட. புள்ள குடிக்குது, நிப்பாட்டுது, மூச்சு வாங்குது, திரும்பக் குடிக்குது. அதுக்கு என்ன அவசரம்? யாரு உக்காந்திருக்கான்னு அதுக்குத் தெரியுமா? மூணு நாளா ஊரு பூரா எப்பிடி உக்காந்திருந்துச்சோ அப்பிடி உக்காந்திருந்தான் மகுடபூபதி. வாயே திறக்கல. திறந்து என்னன்னு சொல்லுவான், புள்ளயைப் பாத்து சீக்கிரம் குடின்னு சொல்லுவானா? ஒட்டிக் கிடந்த அந்தக் கன்னத்தைப் பாத்தான். யாரால இப்பிடி ஆச்சுன்னு அவனுக்கு ஒருத்தரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கல. அவனுக்கு அழுகை வந்துச்சு, துண்டால மூஞ்சியத் துடைச்சுக்கிட்டான்.

கடைசியில புள்ள வாயை எடுத்துச்சு. தோள்ல போட்டுத் தட்டுனா. ஏவ். பெரிய ஏப்பம் விட்டுட்டுத் தூங்கிருச்சு.

ஆவுடை புள்ளையத் தூளியில போட்டா. சேலையைச் சரி பண்ணிக்கிட்டு வந்து நின்னா. "ம், சொல்லுங்க ராஜா"ன்னா. ராஜா எங்க சொல்றது? அவன் கண்ணு கலயத்துல இருக்கு. பாதிக் கூழு மிச்சம் இருக்குல்ல. அவ பாத்தா, புரிஞ்சுக்கிட்டா. கலயத்தை எடுத்து ரெண்டு கையாலயும் நீட்டுனா. மடியில முடிஞ்சு வச்சிருந்த ரெண்டு சின்ன வெங்காயத்தை உரிச்சுக் குடுத்தா. அம்புட்டுத்தான் இருந்துச்சு.

குடிச்சான். முதல் மடக்கு, கண்ணை மூடிக்கிட்டான். கம்போட வாசம், மோரோட புளிப்பு, நெஞ்சுக்குள்ள சில்லுன்னு இறங்குது. வெங்காயம் கறுக். ரெண்டாவது மடக்கு. கறுக். கலயத்தைக் கவுத்து அடியில ஒட்டுனதை விரலால வழிச்சு நக்குனான், ராஜாங்கறதை மறந்துட்டு. அப்புறம் அவனை அறியாம வாயில இருந்து ஒரு சத்தம் வந்துச்சு, 'ஆ'ன்னு.

ஆவுடை அவன் கையில தண்ணி ஊத்துனா. கழுவுனான்.

"இப்போ தண்டனை?"ன்னு கேட்டா.

"எதுக்குத் தண்டனை? ராஜா சாப்பிடாம அடிச்சாத்தானே பொய் முரசு. நான்தான் சாப்பிட்டேனே. நீ கொஞ்சம் முந்தி அடிச்சுட்ட, அம்புட்டுத்தான்."

ஆவுடை அப்பிடியே உக்காந்து அழுதுட்டா. மூணு நாளு அழுகையும் சேத்து அழுதா. அழுகட்டும்னு விட்டான்.

— ம்.

மறுநாளு கோழி கூவுச்சு. சோலையப்பன் கும்பாவைக் கொண்டாந்து வச்சாரு. உள்ள கம்பங்கூழு. இன்னிக்கு என்ன கேக்கப் போறானோன்னு ஓரமா நிக்கிறாரு. ராஜா சம்மணம் போட்டு உக்காந்தான். கும்பாவைப் பாத்தான். தொடல.

சோலையப்பனுக்குத் தாங்கல. "ஏன் ராஜா, இதுவும் வேணாமா?"

"பேசாம இருய்யா. கேட்டுக்கிட்டு இருக்கேன்."

அவரும் காதைக் குடுத்தாரு. கீழ ஒண்ணும் சத்தம் இல்ல. ராஜா பசியோட உக்காந்திருக்கான், கூழு முன்னால இருக்கு, வாயில எச்சி ஊறுது, கையை மடியில வச்சுக்கிட்டு அசையாம இருக்கான். ரொம்ப நேரம் ஆச்சு. சூரியன் பனைமர உயரத்துக்கு வந்துச்சு. அப்போ தொம், தொம், தொம்.

"தாயும் புள்ளையும் குடிச்சதும் அடின்னு ஆவுடைகிட்ட சொல்லியிருந்தேன். அந்தப் புள்ள குடிச்சுருச்சு"ன்னான் ராஜா. "இப்போ நாம சாப்பிடலாம். நீயும் உக்காரு."

செவ்வந்தி? ம் வரலையே. இந்தா, முழுசும் கேட்டியா இல்லையா? இம்புட்டு நேரம் தொண்டைத் தண்ணி வத்த யாருக்குச் சொன்னேன் நானு? காலு மறுபடியும் என் மேலதான் கிடக்குது. கிடக்கட்டும் போ. கதையும் படுத்துருச்சு, ஊரும் படுத்துருச்சு, நீ நல்லாத் தூங்குடி தங்கம்.